ட்ராக் அக்கா பாடிய ஊடல் பாட்டு

எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரை ட்ராக் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பிரபலமான பாடகர் வருவதற்கு முன், மெட்டு இப்படிப் போகும் என்று காட்ட ஒருவர் பாடி வைப்பதற்குப் பெயர் ட்ராக். பிரபலம் பாடி முடித்ததும் அதை எடுத்துவிடுவோம். பதினெட்டு வருடமாக அக்காவைப் பதிவு செய்தவனும் நான்தான், அழித்தவனும் நான்தான். நல்ல பிழைப்பு.

அந்த மலையாளப் படம் காதலும் கலாட்டாவுமான கதை. நாலு பாட்டு. நாலாவதில், காதலனிடம் கோபித்துக் கதவைச் சாத்திய பெண், உள்ளே நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டே அவனைத் திட்டுகிறாள். அக்காவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது; வரிகளைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டு ஒரே டேக்கில் பாடிவிட்டார். இயக்குநர், "இதுவே இருக்கட்டுமே" என்றார். இசையமைப்பாளரும் தலையாட்டினார். அவர் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

அக்கா நம்பிவிட்டார். அதுவரை எந்தப் படத்திலும் அவர் பெயர் வந்ததில்லை. வீட்டில் மகளிடம் சொல்ல, அவள் பள்ளிக்கூடம் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள்.

மூன்று வாரத்தில் தயாரிப்பாளருக்குப் பெரிய பெயர் வேண்டுமாம். பிரபல பாடகி வந்தார். மலையாள உச்சரிப்பைச் சரிபார்க்க அக்காவையே வரச் சொன்னார்கள். வெட்கம் கெட்டவர்கள். அக்காவும் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மறுத்துச் சண்டை போடவும் ஒரு தெம்பு வேண்டுமே.

பாடகிக்குச் சுருதி சுத்தம். ஆனால் ஒரு டேக்கில் நிஜமாகவே கோபம் வந்தது, அடுத்ததில் கிளுகிளுவென்று சிரிப்பு வந்தது. ரெண்டுங்கெட்டானாக நிற்கும் அந்தப் பாட்டுப் பெண் அகப்படவே இல்லை. இசையமைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்து என்னிடம் முணுமுணுத்தார்: "ஒரு மணிக்கு இவங்க கிளம்பணும். அதுக்குள்ள வரலைன்னா ட்ராக்கையே வச்சுக்கலாம்."

அக்கா காதிலும் விழுந்தது. நோட்டைப் பார்த்தபடியே இருந்தார். நான் ஒவ்வொரு டேக்குக்கும், "நல்லாருக்கு மேடம், இன்னும் ஒண்ணு" என்று நேரத்தைக் கடத்தினேன். பாவம்தான், பரவாயில்லை.

பதினாலாவது டேக்கில் பாடகி ஹெட்போனைக் கழற்றினார். "அக்கா, நீங்க இதை எப்படித்தான் பாடினீங்க?" அக்காவைவிட இரண்டு வயது மூத்தவர், கூச்சமில்லாமல் அக்கா என்கிறார்.

'தெரியலைங்க, அதுவா வந்துச்சு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அக்கா எழுந்து உள்ளே போனார். மைக் வழியாக எனக்குக் கேட்டது. "முழு மூச்சு எடுக்காதீங்க. பாதி எடுத்து வரியை முடிங்க. சிரிக்கிறதுக்கு மூச்சு மிச்சம் இருக்கக் கூடாது."

அடுத்த டேக் ஓகே.

எல்லோரும் கைதட்டினார்கள். படிக்கட்டில் அக்காவைப் பிடித்தேன். "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? இன்னும் இருபது நிமிஷம் வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே."

"பதினாலு தடவை தப்பாவே கேட்டேன் தம்பி. அதுக்கு மேல முடியல." குரலில் வருத்தம்கூட இல்லை, அசதிதான் இருந்தது.

அப்போது அவருடைய போன் அடித்தது. மகள். அக்கா எடுக்கவில்லை. மறுபடி அடித்ததும் என்னிடம் நீட்டினார். "நீ சொல்லிடேன். எனக்குத் தெம்பில்ல."

நான் எடுத்து வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அம்மா, பிரெண்ட்ஸ் எல்லாம் வந்திருக்காங்க. உங்க பாட்டை ஒரே ஒரு தடவை போன்ல பாடுங்கம்மா, ப்ளீஸ்."

அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டார்.

"அம்மா பாட்டு படத்துல இல்லடி. வேற ஒருத்தங்க பாடிட்டாங்க," என்றார். படி இறங்கிக்கொண்டே, "நல்லாத்தான் பாடினாங்க," என்றார்.