புழுதி வந்த பாயிண்ட்

மைதிலிக்கு விடுமுறை கிடைத்த அன்று கேன்டீனில் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தவள் நான். அது ரத்தான அன்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவளும் நான்தான். என் பெயர் ஷாஹிஸ்தா. சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன். பக்கத்து மேசையில் மைதிலி, இயற்பியல். கல்லூரி வேலை போக, பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள்.

அவள் ஆராய்ச்சி விண்மீன் மண்டலங்களைப் பற்றியது. அவள் சொல்லித் தந்ததைத்தான் சொல்கிறேன், தப்பிருந்தால் என்னைத் திட்டுங்கள். சில மண்டலங்கள் அளவில் சின்னவை, சாதாரணத் தொலைநோக்கியில் மங்கலாக ஒரு பொட்டு, அவ்வளவுதான். அகச்சிவப்பில் பார்த்தால் மட்டும் கண்ணைப் பறிக்கும். காரணம் தூசு. உள்ளே புதிதாகப் பிறக்கும் விண்மீன்களின் ஒளியை அந்தத் தூசு விழுங்கி, தானும் சூடேறி, அகச்சிவப்பாக வெளியே விடுகிறது. நம் பால்வீதி வருஷத்துக்கு ஒன்றிரண்டு சூரியன் அளவுக்கு விண்மீன்களைப் பெற்றெடுத்தால், மைதிலி பிடித்துவைத்திருக்கும் மண்டலம் நூறு சூரியனுக்கு மேல் பெறுகிறதாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் நம்பியிருந்தால் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லியிருப்பார்கள்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. தூசைச் சூடாக்குவது பிறக்கும் விண்மீன்கள்தானா, இல்லை நடுவில் உட்கார்ந்து வாயு மேகங்களை விழுங்கும் கருந்துளையா? மண்டலம் அவ்வளவு கச்சிதமாக இருப்பதால் இரண்டும் ஒரே புள்ளியாகத் தெரிகின்றன. வேறு அலைநீளங்களில் எடுத்த தரவுகளோடு ஒப்பிட்டால்தான் பிரித்துச் சொல்ல முடியும். அதற்கு பெங்களூரில் இருக்கும் வழிகாட்டியோடு மூன்று மாதம் உட்கார வேண்டும். ஜூன் கடைசியில் முனைவர் பட்டப் பதிவின் கெடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் இத்தனை வருஷ உழைப்பும் போச்சு. அவளுக்கு அந்த விடுமுறைதான் எல்லாம்.

அதைக் கெடுத்தவர் அவள் அப்பா. கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகம்.

ராசப்பன் ஐயா துளையிடும் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகத் தண்ணீருக்குப் போர் போடுகிறவர். அந்தத் தொழிலில் துளையிலிருந்து ஈர மண் ஏறி வந்தால் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. காய்ந்த புழுதி மட்டும் குபுகுபுவென்று கிளம்பினால் அந்த பாயிண்ட், துளை போடக் குறித்த இடம், அவ்வளவுதான், வண்டியைக் கிளப்ப வேண்டியதுதான். தரவுகளில் அகச்சிவப்பு உச்சத்தைக் கண்ட சந்தோஷத்தில் மைதிலி என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவர் ஆசையாகத்தான் கேட்டார்.

“என்ன வந்துச்சு சாமி?”

“பூராத் தூசுங்கப்பா!”

அவர் முகம் செத்துப்போய்விட்டது.

“இத்தன வருசம் போட்டும் வெறும் புழுதிதானா?”

“ஐயோ, தூசு இருந்தாத்தானுங்கப்பா நல்லது. உள்ள நட்சத்திரம் பொறக்குதுன்னு அர்த்தம்.”

“செரி செரி, மனச உட்றாத சாமி. பாயிண்ட மாத்திப் பாரு.”

அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த முகூர்த்தத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு சொந்தக்காரக் கல்யாண மண்டபத்தில் அவள் சௌந்திரம் அத்தை மைதிலியின் கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லாத்துக்கும் தண்ணி வந்துருமா கண்ணு? வுடு” என்று ஆறுதல் சொன்னார். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து துக்கம் விசாரித்தார்கள். மைதிலி தாளில் படம் போட்டு விளக்கினாள், கைபேசியில் படம் காட்டினாள். சிவப்பாகத் தெரிந்த புள்ளியைப் பார்த்துவிட்டு, “பாறையாட்ட இருக்குது” என்றார் ஒரு மாமா.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ராசப்பன் ஐயா நேராக எங்கள் முதல்வரைப் பார்க்கப் போய்விட்டார். கல்லூரி ஆழ்துளைக் கிணறு அவர் போட்டதுதான், இன்றைக்கும் வற்றவில்லை. அதனால் அவருக்கு அங்கே நாற்காலியும் காப்பியும் உண்டு. “பொண்ணுக்குப் புழுதிதானுங்க வருது. லீவு குடுத்து இன்னும் அலைய வுடாதீங்க” என்று கேட்டிருக்கிறார். ஆள் பற்றாக்குறையில் ஏன் கொடுத்தோம் என்று ஏற்கெனவே முழித்துக்கொண்டிருந்த முதல்வருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வீட்டிலேயே விருப்பமில்லையாமே என்று மைதிலியிடம் பரிவோடு சொல்லி ரத்து செய்துவிட்டார். முப்பத்து நாலு வயதுக்காரி, தனியாகச் சம்பாதிப்பவள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாயங்காலம் நானும் கூடப் போனேன். வாசலில் ரிக் வண்டியின் குழாய்களுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

“யாரக் கேட்டுங்கப்பா போனீங்க?” மைதிலி கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை.

அவர் துணியைக் கீழே வைத்தார். “உக்காருங்க அம்மிணி” என்றார் என்னிடம். பிறகு அவளிடம், “புழுதி வந்தப்புறமும் இன்னொரு நூறடி போடுங்கன்னு நிக்கறவங்கள நான் தெனமும் பாக்கறன் சாமி. நகைய வெச்சுப் போடுவாங்க, காட்ட வித்துப் போடுவாங்க. அடிக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கறவன் நான், நிறுத்துன்னு சொல்ல எனக்கு வாய் வராது. நீ என்ற பொண்ணு. உனக்காச்சும் சொல்லோணுமில்ல” என்றார்.

மைதிலி அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவரே மறுபடி கேட்டார். “செரி. நானே முதல்வருகிட்டப் போயி லீவக் குடுங்கன்னு கேக்கறன். இன்னும் எத்தன அடி போனா வரும்? அத மட்டும் சொல்லு.”

பத்தடி என்று சொல்லியிருக்கலாம். நான் அவளை இடித்தேன்கூட. அவள் யோசித்தாள். தூசைச் சூடாக்குவது கருந்துளையாக இருந்தால், நூறு சூரியன் என்ற கணக்கே பொய்யாகிவிடும். அதுதான் அவள் மனதில் ஓடியிருக்கும்.

“தெரியலீங்கப்பா. போட்டுப் பாத்தாத்தான் தெரியும்.”

ராசப்பன் ஐயா துணியை மறுபடி எடுத்தார்.

“இன்னொரு நூறடின்னு நிக்கறவங்களும் இதத்தான் சாமி சொல்லுவாங்க.”

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவளைத் திட்டித் தீர்த்தேன். “ஒரு பொய் சொன்னா குறைஞ்சா போயிருவ?” என்றேன். “பேப்பர்ல எழுத முடியாதத அப்பாகிட்ட மட்டும் எப்படிக்கா சொல்றது?” என்றாள். இவளை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது? ஐயா முதல்வரிடம் போகவில்லை; ஆய்வேடு கொடுக்காமலே ஜூன் கடைசியில் பதிவு முடிந்தது. அன்றைக்கும் மைதிலி முதலாண்டு மாணவர்களுக்கு ஆய்வகத்தில் லென்ஸின் குவியத் தூரம் அளக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.