சர்வர் ஏறும் நேரம்

எங்கள் வீட்டில் ‘சர்வர் ஏறுது’ என்றால் நான் பேசக் கிடைப்பேன் என்று அர்த்தம். நீலகிரி மலையில், கட்டபெட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு மேலே, தேயிலைச் சரிவை ஒட்டிய வாடகை வீடு. முன் அறைதான் என் ஆபீஸ். கம்பெனி கோயமுத்தூரில். கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. நூற்பாலைகள் தங்கள் சரக்கையும் ஆர்டரையும் பார்த்துக்கொள்ளும் ஒரு பெரிய ஜாவா வெப் அப்ளிகேஷன், அதில்தான் எனக்கு வேலை. புரோகிராம் கோடில் ஒரே ஒரு வரியை மாற்றினாலும் சர்வரை நிறுத்தி, மறுபடி ஏற்றி, லாகின் செய்து, வேண்டிய பக்கம் வரை போய்த்தான் சரியா தப்பா என்று பார்க்க முடியும். ஒரு டம்ளர் டீயை ஊதி ஊதிக் குடித்து முடிக்கிற நேரம் பிடிக்கும். அது ஏறும்போது நான் நாற்காலியில் சாய்வேன். நாற்காலி கிறீச்சிடும். அந்தச் சத்தம் கேட்டு என் மனைவி வந்து ஜன்னலோரக் கட்டிலில் உட்காருவாள்.

அவள் கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வேலைக்கு நடுவில் யாராவது பேசினால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். கல்யாணமான புதிதில் அதற்காக நாங்கள் போட்ட சண்டைக்குக் கணக்கே இல்லை. பிறகு அவளாகவே இந்த நேரத்தைக் கண்டுபிடித்தாள். பள்ளிக்கூடக் கதை, கேஸ் சிலிண்டர், மாமனார் வீட்டுக்கு எப்போது போவது, எல்லாம் சர்வர் ஏறும் நேரத்தில்தான் பேசினோம். மாசமாக இருந்தபோது பெயர் பார்த்ததும் அப்போதுதான். அவள் ஒரு பெயர் சொல்வாள், அந்தப் பெயரில் எனக்குத் தெரிந்த ஒரு உதவாக்கரையை நான் ஞாபகப்படுத்துவேன். “ஊரு பூராம் உங்களுக்கு ஆவாதவங்கதானுங்க” என்று சிரிப்பாள். அதற்குள் சர்வர் ஏறிவிடும்.

குழந்தை இறந்து பிறந்தது. மாதம் நிறைகிற சமயத்தில் அசைவு குறைந்திருக்கிறது என்று கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம். அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். அவள் மயக்கத்தில் இருந்தாள். நர்ஸ் பச்சைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். பையன். அவள் கண் விழிப்பதற்குள் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். பெத்தவளுக்குக் காட்ட வேண்டாம், பார்த்துவிட்டால் மறக்கவே முடியாது என்றார்கள். நான் மரம் மாதிரி நின்றேன். கீழ் கோத்தகிரியில் மாமனாருக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. அதன் ஓரத்தில் அவரும் நானுமாக அடக்கம் செய்துவிட்டு, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அவளைக் கூட்டிவந்த அன்று, கார் மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது, “பையன் எப்படீங்க...” என்று ஆரம்பித்தாள். முன் சீட்டில் மாமனார் இருந்தார். நான் “அப்பறம் சொல்றேன்” என்றேன். அவளும் சரி என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாமியார் சில வாரங்கள் கூட இருந்தார். பார்க்க வந்தவர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. நின்றுகொண்டே பாடம் நடத்தினாளே, அந்த வளைவிலெல்லாம் பஸ்ஸில் போய்வந்தாளே, வயிற்றுப் பிள்ளைக்காரி சாப்பிடுகிற சாப்பாடா சாப்பிட்டாள் என்று அவள் காதில் விழும்படியே பேசினார்கள். வேறு சமயமாக இருந்திருந்தால் அத்தனை பேரையும் வாசலோடு அனுப்பியிருப்பேன். அப்போது கோபமும் வரவில்லை. எதுவுமே வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் யார் கன்னத்தையோ தொடுவதுபோல் இருக்குமே, அப்படித்தான் இருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன், மீட்டிங்கில் எல்லோரும் சிரித்தால் நானும் சிரித்தேன்.

மாமியார் ஊருக்குப் போன மறுநாள், சர்வர் ஏறும்போது அவள் வந்தாள். கட்டிலில் உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்கப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது. நான் திரையில் ஓடுகிற வரிகளையே பார்த்தேன். சர்வர் ஏறுகிறபோது விழுகிற அந்த வரிகளை எந்த டெவலப்பரும் படிக்கமாட்டான். நான் படித்தேன். ஏறி முடிந்ததும் அவள் உள்ளே போய்விட்டாள். அடுத்த முறையும் வந்து நின்றாள், அதற்கடுத்த முறையும். நான் பயந்தேன். சொன்னால் அவள் அழுவாளே என்றுகூட எனக்குப் பயமில்லை. வாயைத் திறந்தால் எனக்கு அந்த மரமரப்பு விட்டுவிடும், அதன்பின் என்னால் எழுந்து நடக்கவே முடியாது என்று தோன்றியது.

அந்த வாரம்தான் எங்கள் டீம் லீட் மீட்டிங்கில் பழைய பேச்சை மறுபடி எடுத்தாள். ஆளுக்கு ஆள் சர்வரை நிறுத்தி நிறுத்தி ஏற்றுவதில் பாதிப் பொழுது போகிறது, ஓடுகிற சர்வரை நிறுத்தாமலே உள்ளே கோடை மட்டும் மாற்றிவிடலாம், ஹாட் கோட் ரீப்ளேஸ்மென்ட் என்று இருக்கிறது, யாராவது செட் செய்து பார்க்கிறீர்களா என்றாள். எப்போதும் கேட்பாள், எப்போதும் யாரும் வாய் திறக்கமாட்டோம். அன்றைக்கு நான் செய்கிறேன் என்றேன். புதிதாக எது வந்தாலும் ‘ஓடறதக் கெடுக்காதீங்க’ என்று முதலில் சண்டைக்கு நிற்கிற ஆள் நான். நெட்வொர்க் சரியில்லையா, நான் சொன்னது சரியாகக் கேட்டதா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

எப்படிச் செய்வது என்று இணையத்தில் எழுதி வைத்திருக்கிற எல்லோருக்கும் ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. எனக்கு அந்த வாரம் முழுக்கப் போயிற்று. சர்வரை டீபக் முறையில், அதாவது பிழை தேடுகிற முறையில், ஏற்ற வேண்டும். மாற்றிய கோடைச் சேமித்ததும், அதை எழுதுகிற எடிட்டர் மென்பொருள், மாறின அந்தத் துண்டை, கிளாஸ் என்போம், அதை மட்டும் கம்பைல் செய்து, ஓடிக்கொண்டிருக்கிற சர்வருக்குள் தள்ள வேண்டும். சொல்லும்போது இவ்வளவுதான். என் மெஷினில் சேமித்த மறுகணம் அப்ளிகேஷன் மொத்தமும் விழுந்து மறுபடி எழுந்தது. எதை எதையோ மாற்றிப் பார்த்தேன். நடுவில் கரண்ட் போனது, இன்வெர்ட்டரும் கை விரித்தது. கடைசியில் பார்த்தால், கிளாஸ் மாறினால் தானாகவே எல்லாவற்றையும் திரும்ப ஏற்று என்று சர்வருக்குள் இன்னொரு செட்டிங் இருந்தது. எடிட்டர் ஒரு கிளாஸைத் தள்ள, அதைப் பார்த்துச் சர்வர் பதறிப்போய் முழுவதையும் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தது. எப்போதோ அதை ஆன் செய்து வைத்தவன் நானேதான். அணைத்தேன். ஒரு பக்கத்தின் தலைப்பை மாற்றிச் சேமித்தேன். பிரவுசரைப் புதுப்பித்தேன். தலைப்பு மாறியிருந்தது, லாகின்கூடப் போகவில்லை. இது மாதிரி ஒன்று சரிப்பட்டால் மேஜையைத் தட்டி வீடே அதிரக் கத்துகிறவன் நான். அன்றைக்கு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

ஆனாலும் ஒரு ஓட்டை இருந்தது. கிளாஸுக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மெத்தட் இருக்கும், இருக்கிற மெத்தடுக்கு உள்ளே என்ன மாற்றினாலும் ஏற்றுக்கொள்ளும். புதிதாக ஒரு மெத்தட் சேர்த்தால் முடியாது, ரீஸ்டார்ட் செய்யட்டுமா என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். வந்தால் கட்டாயம் சர்வர் ஏற வேண்டும், நாற்காலி கிறீச்சிடும், அவள் வருவாள். அதையும் ஏற்றுக்கொள்கிற மாதிரி யாரோ திருத்திய ஜாவா ஒன்று இருப்பதைத் தேடிப் பிடித்துப் போட்டேன். பெட்டி வருவதும் ஏறக்குறைய நின்றது. எல்லோருடைய மெஷினிலும் அதேபோல் செட் செய்யச் சொல்லி டீம் லீட் என்னை ஏகத்துக்குப் புகழ்ந்தாள். காலையில் ஒருமுறை சர்வர் ஏறும், அப்போது அவள் சமையலறையில் இருப்பாள். பிறகு நாள் முழுக்க நான் தட்டிக்கொண்டே இருந்தேன். மாற்றுவது, சேமிப்பது, பார்ப்பது, மறுபடி மாற்றுவது. மழைக்காலம். மதியத்துக்கு மேல் மஞ்சு இறங்கி ஜன்னல் வெளுத்துவிடும். கதவருகே அவள் வந்து, என் கைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவது முதுகுக்குத் தெரியும். நான் திரும்பவில்லை.

அவள் லீவு முடிந்து பள்ளிக்கூடம் போக வேண்டிய நாள் நெருங்கியது. அந்த வாரம் ஒரு சாயங்காலம் டீயோடு உள்ளேயே வந்துவிட்டாள். டம்ளரை மேஜையில் வைத்தாள்.

“ஏனுங்க, இப்பெல்லாம் சர்வர் ஏறறதே இல்லீங்களா?”

அப்பாடா, இதுதானா என்று இருந்தது எனக்கு. மடமடவென்று விளக்கினேன். முன்பெல்லாம் எப்படி, இப்போது எப்படி, எதையும் நிறுத்தவே வேண்டியதில்லை என்று ஒரு வரியை மாற்றியும் காட்டினேன். அவள் டீச்சர், யார் பேசினாலும் முடிக்கிறவரை கேட்பாள். முடிக்கிறவரை கேட்டாள். நல்லதுங்க என்றாள். போவாள் என்று பார்த்தேன், போகவில்லை.

“அப்ப நா எப்பத்தானுங்க கேக்கறது?”

என்ன கேட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கைகளைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். “இப்பக் கேளு” என்றேன்.

“பையன் யாராட்டங்க இருந்தான்?”

“முடி நெறைய இருந்துச்சு. நெத்தி உன்ற நெத்திதான். வாய் லேசாத் தொறந்திருந்துச்சு, நீ தூங்கறப்ப இருக்குமே, அதாட்டம்.”

சொல்லும்போது என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கன்னம் நனைந்திருப்பது தெரிந்தது. அவள் அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கொஞ்சம் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

“கையில வாங்குனீங்களா?”

“வாங்குனேன்.”

“கெனமா இருந்தானுங்களா?”

“இருந்தான். ரெண்டு கையும் போட்டுத்தான் தூக்குனேன்.”

அவள் நீட்டிய கைகளை இறக்கவில்லை.

“அப்ப நா நல்லாத்தான் வளத்திருக்கேன்” என்றாள்.