பதினேழாவது கம்பி

சென்ற சனிக்கிழமை ஒரு மலை தண்ணீர் குடிப்பதைப் பார்த்தேன். சிரிக்காதீர்கள்... முழுக்கக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் தங்கை வாசுகிக்கு விசித்திரமான வேலை. மண்ணைத் தோண்டாமலே மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஈப்போ நகரத்திலிருந்து அவளை மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். ரிங்லெட்டில் என் வீட்டிலிருந்து இருபது நிமிடம். எனக்குப் பள்ளி விடுமுறை. குடை பிடிக்கிறேன் பேர்வழி என்று ஒட்டிக்கொண்டேன்.

அழைப்புக்குக் காரணம் லெட்சுமி அக்கா. கொழுந்து பறிக்கிறவர். ஆறு வீடு ஒட்டி நிற்கும் தொழிலாளர் லயத்தில் அவருடையது கடைசி. சமையலறைக்கு அடியில் யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது என்று மூன்று மாதமாகச் சொல்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது மகள் வேறு பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.

"வயித்துப்பிள்ளக்காரிய இங்க படுக்க வைக்கவே பயமா இருக்கு டீச்சர்" என்றார் என்னிடம்.

மேனேஜர் துரை கறாராகச் சொல்லிவிட்டார். வாசுகி எடுக்கும் மண்ணடிப் படத்தில் ஏதாவது தெரிந்தால் ஆறு குடும்பத்தையும் மாற்றுவார். தெரியாவிட்டால் இனி அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை வாசுகி லயத்துக்குப் பின்னால் இருபத்து நான்கு இரும்புக் கம்பிகளை வரிசையாக அடித்தாள். இரண்டு கம்பி வழியாக மின்சாரம் உள்ளே போகும். வேறு இரண்டில் வோல்ட்டேஜை அளப்பாள். பிறகு ஜோடி மாற்றி மறுபடி... மறுபடி...

ஐந்தும் மூன்றும் எட்டு என்பது நேர்க் கணக்கு. எட்டை மட்டும் கொடுத்து, "எதையும் எதையும் கூட்டினேன், சொல்" என்றால்? அதுதான் வாசுகியின் தலைகீழ்க் கணக்கு. கம்ப்யூட்டர் ஒரு மலையைக் கற்பனை செய்யும். அந்த மலையில் என்ன வோல்ட்டேஜ் அளவு வரும் என்று கணக்கிடும். நிஜ அளவோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் கற்பனையைத் திருத்தும். பொருந்தும்வரை விடாது. பொருந்திவிட்டால் அதுதான் உண்மை என்று அர்த்தமா? இல்லை — அங்கேதான் வில்லங்கம்.

மாலையில் படம் வந்தது. மின்சாரம் சுலபமாக ஓடும் ஈர மண் நீலம். ஓடாத இடம் சிவப்பு. லெட்சுமி அக்காவின் சமையலறைக்கு நேர் கீழே ஒரு கார் அளவுக்குச் சிவப்பு.

"பாறைதானே லா" என்றார் துரை. "வீடு கல்லு மேல நிக்குது. இதுக்கு மேல என்ன வேணும்?"

"பாறையா இருக்கலாம் சார். ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். காத்துலயும் கரண்ட் ஓடாது. ரெண்டும் ஒரே சிவப்புதான்" என்றாள் வாசுகி. மறுநாள் குறுக்கே இன்னொரு வரிசை அளக்கிறேன் என்றாள். அதிலும் தெரியாமல் போகலாம் என்பதைக் காரில்தான் என்னிடம் ஒப்புக்கொண்டாள்.

லெட்சுமி அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கல் என்றால் அந்த வீட்டிலேயே கிடக்க வேண்டும். வெறுமை என்றால் இத்தனை வருடமும் அதன் மேல்தான் சோறாக்கியிருக்கிறார். பாவம், எதை வேண்டிக்கொள்வார்?

பனி இறங்கிவிட்டதால் கம்பிகளை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு. லயத்து ஓரம், மரத்தடியில், ஓர் இரும்புக் கம்பி நட்டிருந்தால் தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்... முனியாண்டி.

சனிக்கிழமை காலை போனால் சமையலறைக்குப் பின்னால் இருந்த பதினேழாவது கம்பியில் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. உடம்பெல்லாம் குங்குமம். எதிரே லயத்துப் பெண்கள். படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பயந்து, வீட்டுக்கு ஒரு வாளி மஞ்சள் தண்ணீரால் அபிஷேகம்.

வாசுகிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "இவ்ளோ தண்ணி ஊத்துனா நான் எப்படிக்கா அளக்கிறது..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

ஐந்து வாளி ஊற்றியாகிவிட்டது. கம்பியைச் சுற்றிக் குட்டை இல்லை. வழிந்தோடிய தடம் இல்லை. ஆறாவது வாளி எங்கள் கண்ணெதிரில் விழுந்தது — மடக்கென்று உள்ளே போய்விட்டது.

"சாமி ஏத்துக்கிச்சு" என்று பக்கத்து வீட்டு அம்மா கும்பிட்டார்.

வாசுகியின் முகம் வெளுத்திருந்தது. அப்போது சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் குரல் கொடுத்தார். "யக்கா, செடிக்கடியில மஞ்சத் தண்ணி வருது."

இறங்கிப் போய்ப் பார்த்தோம். இரண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே மலையிலிருந்து மஞ்சளாக ஊறிக்கொண்டிருந்தது. தொட்டேன். ஐஸ் தண்ணீர். பாறை இப்படித் தண்ணீரை வழியனுப்பி வைக்காது.

மனிதர்களையும் நாம் வெளியே நின்று இப்படித்தானே கணிக்கிறோம்? ஒருவர் அசையாமல் நின்றால் பாறை மாதிரி மனுஷர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். உள்ளே வெறுமையாக இருந்தாலும் வெளியே அதே நிறம்தான்.

துரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மத்தியானத்துக்குள் ஆறு குடும்பமும் தோட்டத்து மண்டபத்துக்கு மாறியது. முதலில் லெட்சுமி அக்காவின் மகளைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போனார்கள். கேஸ் சிலிண்டரைத் துரையே உருட்டி வந்தார், மெதுவாக... மிக மெதுவாக.

கடைசியாக வெளியே வந்த லெட்சுமி அக்கா கதவைச் சாத்திப் பெரிய பூட்டாகப் போட்டார்.

"காலி வீட்டுக்கு எதுக்கு லா பூட்டு? யாரு உள்ள போவா?" என்றார் துரை.

"உள்ள போறவங்களுக்காகப் பூட்டல, துரை" என்றார் அவர், சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்தபடி.

இருபது வருடமாகக் கணக்கு டீச்சராக இருப்பவள் நான். போகும்போது அந்தப் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.