தண்ணீர் இறங்காத மணல்

மகேஸ்வரியின் பத்து நகத்திலும் பத்து நிறம் இருக்கும். ஆசைப்பட்டுப் பூசிக்கொண்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சிதம்பரம் மேல வீதியில் நாங்கள் வேலை பார்த்த ஃபேன்சி ஸ்டோரில், வாங்க வருகிறவர்கள் நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்து பார்க்கக் கூடாது. திறந்தால் ஓனர் பாண்டியனுக்கு வயிறு எரியும். அதனால் மகேஸ்வரியின் விரல்தான் சாம்பிள். புதுச் சரக்கு வந்தால் பழைய நிறத்தை ரிமூவர் போட்டுத் தேய்த்துவிட்டு அடுத்ததைப் பூச வேண்டும். பன்னிரண்டு வருஷம் இப்படித் தேய்த்ததில் அவளுடைய நகங்கள் மஞ்சள் பூத்து ஓரமெல்லாம் உரிந்து கிடந்தன. பாண்டியன் கண்ணில் அது ஒருநாளும் பட்டதில்லை. இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். காலையில் அம்மா கொளஞ்சியம்மாள் மீன் கூடையோடு கிளம்பும்போதே இவளும் கிளம்பி, பஸ் பிடித்து, ஒன்பதரைக்கெல்லாம் கடையில் நிற்பாள். வாய் கொஞ்சம் நீளம். "இந்தக் கலர் உனக்கு எடுக்காதும்மா, காசக் கரியாக்காத" என்று வாங்க வந்தவர்களையே திட்டுவாள். ஒருமுறை முகம் வெளுக்கிற க்ரீம் கேட்ட கல்லூரிப் பெண்ணை அவள் பிடித்த பிடியில், அந்தப் பெண் பொட்டு அட்டை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டது. ஆனாலும் ஜனங்கள் அவளைத் தேடித்தான் வந்தார்கள். மகேஸ்வரி நல்லது என்றால் அது நல்லது. ஒன்பது வருஷமாக பில் போடும் மேஜையில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன்.

போன மாசம் ஒரு புதுப் பெட்டி வந்தது. இருபத்துநாலு நிறம், எல்லாமே சொரசொரப்பு ரகம். ஒன்று காய்ந்தால் சர்க்கரை தூவியது போல மின்னும். ஒன்று காயக் காய வெடித்துக் கோடுகோடாகப் பிளந்துகொள்ளும். இன்னொன்று அசல் கடற்கரை மணலேதான். மகேஸ்வரிக்கே அன்று குஷி வந்துவிட்டது. பத்து விரலுக்கும் பூசிக்கொண்டு, விரலோடு விரலை உரசி, "கேளுடி தமிழ்ச்செல்வி, சத்தம் வருது" என்று என் காதருகே கொண்டுவந்தாள்.

பாண்டியன் ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மணல் மாரி பொடிப்பொடியா இருக்குல்ல? இதுல தண்ணி உள்ள இறங்கும். சரக்கு போட்டவனே சொன்னான். பரங்கிப்பேட்டலேந்து வரவங்ககிட்ட மறக்காம சொல்லு."

பரங்கிப்பேட்டை முஸ்லிம் பெண்கள் எங்கள் கடைக்கு நிறைய வருவார்கள். நெயில் பாலிஷ் பக்கம் மட்டும் பெரும்பாலும் போக மாட்டார்கள். தொழுகைக்கு முன்னால் கை, முகம், கால் கழுவி ஒளு செய்யும்போது நகத்திலும் தண்ணீர் பட வேண்டும். பாலிஷ் இருந்தால் படாது.

மகேஸ்வரி நம்பிவிட்டாள். பாண்டியன் பேச்சை நம்புகிறவள் இல்லை அவள். அவள் நம்பியது மணலை. அலை ஏறி வந்த மறு நொடியே தண்ணீர் மணலுக்குள் போய்விடுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள். தடவிப் பார்த்தால் மணலாக இருந்தது. மணல் என்றால் தண்ணீர் இறங்கத்தானே வேண்டும்? சோதித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

மறுநாளே ஜைனம்பு அக்கா வந்தார். பல வருஷமாக மகேஸ்வரியிடம் மட்டுமே வாங்குகிறவர். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். அடுத்த வாரம் மகளுக்குக் கல்யாணம்.

"நெசமாத்தான் சொல்றியா மகேசு? புள்ள ரொம்ப ஆசப்படுறா. இதோட தொழுதா தொழுகை கூடணும்."

"தண்ணி இறங்கும்க்கா. வேணும்னா என் கையத் தடவிப் பாருங்க."

தடவிப் பார்த்தார். மூன்று பாட்டில் வாங்கினார். நான்தான் பில் போட்டேன்.

நாலு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரம். மகேஸ்வரி பிரஷ்ஷைத் துடைத்துப் போட்டிருந்த பேப்பரில் அந்த மணல் நிறம் பட்டையாகக் காய்ந்து கிடந்தது. டம்ளரிலிருந்து அதன் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் சிந்தியது. அப்படியே நின்றது. மகேஸ்வரி சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்து நிமிஷம் கழித்துப் பேப்பரைத் தூக்கினாள். அடிப்பக்கத்தில் துளி ஈரம் இல்லை.

நேராகப் பாண்டியனிடம் போனாள்.

"அண்ணா, இதுல தண்ணி இறங்கல."

"எறங்காட்டிப் போவுது. வித்தாச்சுல்ல?"

"அவுங்க இதோட தொழுவாங்கண்ணா."

"தொழுறது அவுங்க. உனக்கின்னா வந்துது?"

"எனக்கின்னாவா? என் வாயாலதான சொன்னேன்! என் மூஞ்சியப் பாத்துதான வாங்கிட்டுப் போனாங்க!"

கடை வாசல் வரைக்கும் கேட்டது. அதே வேகத்தில் என் மேஜைக்கு வந்து ஜைனம்பு அக்காவின் போன் நம்பரைக் கேட்டாள். பாண்டியன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சுக்கா" என்றேன். ஹேங் எல்லாம் ஆகவில்லை.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பரங்கிப்பேட்டை பஸ் ஏறிவிட்டாள். கல்யாண வீடு எது என்று தெருத் தெருவாக விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறாள். மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும்போது என்னிடம் எல்லாம் சொன்னாள். ஜைனம்பு அக்கா கத்தவில்லையாம். "நாலு நாளா இதோடதான் தொழுதிருக்கா. அத்தனையும் திருப்பித் தொழணும்" என்றாராம். பிறகு, "ஒங்க மொதலாளி சொல்லியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன். நீ சொன்னேன்னுதான் வாங்கினேன் மகேசு" என்றாராம். மகேஸ்வரி அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை.

அன்று அவள் நகம் பத்தும் வெறுமையாக இருந்தது. கடையில் அதற்குள் இரண்டு பேர் வளையல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சனிக்கெழம கூட்டம் வரும். சீக்கிரம் பூசு" என்றார் பாண்டியன்.

"அந்தப் பெட்டிய உள்ள வையிங்க. இல்லன்னா, தண்ணி இறங்காதுன்னு எழுதி ஒட்டுங்க. அதுவரைக்கும் என் கை கெடையாது."

"அப்ப வேலையும் கெடையாது."

"வேணாம். பன்னெண்டு வருஷமா என் நகத்தத் தின்னீங்க, பொறுத்துக்கிட்டேன். என் பேச்சையும் தின்னா பாத்துக்கிட்டு இருப்பேனா?"

வளையல் பார்த்தவர்கள் பக்கம் திரும்பி, "எம்மா, மணல் பாலிஷ்ல தண்ணி இறங்காது. வீட்டாண்ட எல்லாருக்கும் சொல்லிடுங்க" என்று உரக்கச் சொன்னாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பு மாட்டக் குனிந்தாள்.

பாண்டியனுக்கு முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். "தமிழ்ச்செல்வி, இங்க வா. கைய நீட்டு."

எனக்கும் கோபம் வந்தது. நெஞ்சு வரைக்கும் வந்தது. என்ன பிரயோஜனம்? எழுந்து போய்க் கையை நீட்டினேன். முதல் நகத்தில் பிரஷ் பட்டபோது மகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். அவள் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். தெரியாத ஜனங்களையெல்லாம் நிற்க வைத்துத் திட்டுகிற அந்த வாய் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள்.