ஓடுபாதையில் வாகனம்

என் மச்சான் கந்தப்பன் பிறந்தது நமுனுகுல மலையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். நான் அவருக்கு அக்காவைக் கொடுத்த வீட்டுக்காரன். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிறேன். நாற்பது தாண்டும்வரை கடலைப் பார்க்காத மனிதர், கடலோர விமான நிலையமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பெயரில் கந்தன், வேலை மயில் விரட்டுவது. கேட்டவுடன் நான் சிரித்தேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

காட்டை வெட்டிக் கட்டிய விமான நிலையம் அது. திறந்தபோது சுற்றுப்புறமே திரண்டு வேடிக்கை பார்த்ததாம். பிறகு விமானங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோய், சரக்குக் கொட்டகையில் நெல் மூட்டைகூட அடுக்கினார்களாம். இப்போது சுற்றுலாப் பயணிகளோடு எப்போதாவது ஒரு விமானம் வரும். காடு போனாலும் மயில்கள் போகவில்லை. விமானம் இறங்குமுன் ஓடுபாதையைச் சுற்றி வந்து, வெடி போட்டு அவற்றைக் கலைக்க வேண்டும். கலையாவிட்டால் ரேடியோவில் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்ல வேண்டும்.

முருகன் கோயில் கொண்ட கதிர்காமம் அங்கிருந்து கிட்டத்தில்தான். அதுதான் சிக்கல். மகள் சிவசக்திக்குப் பார்த்த வரன்கள் தட்டிக்கொண்டே போனபோது, என் அக்கா பாக்கியலெட்சுமி அடுப்படியில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"முருகனோட மயிலுக்கு வெடி போடுறீங்க. அப்புறம் நம்ம புள்ளைக்கு எப்படிங்க வழி விடுவாரு?"

"போடலேன்னா வேலை போயிடும் புள்ள."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கடைசியில் மச்சான் தனக்குள்ளேயே ஒரு சமரசம் செய்துகொண்டார். வெடியை நிறுத்த முடியாது. ஆனால் விரட்டுகிற வாயால் மயில் என்று பெயர் சொல்வதில்லை. 'வாகனம்' என்றே மரியாதையாக நினைத்துக்கொண்டார். நினைப்போடு நின்றவரை மோசமில்லை.

ஒருநாள் காலை விமானம் இறங்க நெருங்கும்போது, ஒரு மயில் நடுப்பாதையில் தோகை விரித்து நின்றுவிட்டது. வெடிக்கும் அசையவில்லை. மச்சான் பதறிப்போய் ரேடியோவை எடுத்து, "பாதையில வாகனம் நிக்குது, வாகனம் நிக்குது" என்றார். சிங்களத்திலும் வாகனம் என்றால் வண்டிதான். கோபுரத்தில் இருந்தவர்களுக்கு உயிரே போய்விட்டது. விமானத்தை மேலே திருப்பி அனுப்பிவிட்டு, தீயணைப்பு வண்டியையும் கிளப்பிவிட்டார்கள். எல்லாரும் வந்து பார்த்தபோது பாதை வெறிச்சென்று கிடந்தது.

பெரிய அதிகாரி தனக்குத் தெரிந்த தமிழில் விசாரித்தார்.

"எங்க வாகனம்?"

"பறந்துடுச்சுங்க."

"யார் ஓட்டினது?"

மச்சானுக்குப் பொய் வராது. "ஓட்டுறவரு கதிர்காமத்துல இருக்காருங்க."

குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டி, வேலையை விட்டே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லயத்துக்கு வந்தவர் என் தோளில் சாய்ந்து அழுதார்.

"சாமிக்குப் பயந்துதானே மச்சான் அப்படிச் சொன்னேன். சாமியே ஏன் காலை வாரணும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அது அதிகாரி மேலா, முருகன் மேலா, இந்த அப்பாவி மச்சான் மேலா என்று இன்றுவரை தெரியவில்லை.

சில மாதம் கழித்து லுணுகலையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் ஜெயகுமார் லட்சணமாக இருந்தான். சிவசக்திக்குப் பிடித்துவிட்டது என்பது தேத்தண்ணியோடு வந்தவள் உள்ளே போக மறந்ததிலேயே தெரிந்தது. மாப்பிள்ளைக்கு ஏர்போட்டில் வேலை என்று மட்டும் தரகர் சொல்லியிருந்தார். என்ன வேலை என்று நான்தான் கேட்டுத் தொலைத்தேன்.

"மயில் விரட்டுறதுங்க. முன்ன இருந்தவரு ரேடியோவுல என்னமோ உளறி வேலை போயிடுச்சாம். அந்த எடத்துக்குத்தான் என்னைய எடுத்தாங்க."

மச்சான் கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முருகன் தண்டித்தாரா, மருமகனுக்கு இடம் பிடித்துக் கொடுத்தாரா? அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. அக்கா சுவரிலிருந்த முருகன் படத்தைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள்.

"எங்களுக்குச் சம்மதந்தான் தம்பி. ஒண்ணே ஒண்ணு. ரேடியோவுல மட்டும் மயிலை மயில்னே சொல்லிடுங்க."