மடிப்பில்லாத கடிதம்

குன்வோர் எதையும் எடுத்த எடுப்பில் நம்பமாட்டாள். அவள் பார்த்த வேலை அப்படி. பெர்கன் துறைமுக நகருக்கு வெளியே ஒரு மீன் தொழிற்சாலையில், அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைக்கு முன்னால் இருபத்தேழு வருடம் நின்றாள். காட் மீன் துண்டுகள் ஒவ்வொன்றாக வரும். சதைக்குள் இருக்கும் புழு வெளிச்சத்தில் நிழலாகத் தெரியும். இடுக்கியால் பிடுங்கி எறிய வேண்டும். பளபளவென்று இருக்கிற துண்டில்தான் புழு அதிகம் என்பது அவள் கண்ட அனுபவம். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. புருஷனின் சட்டைப் பையைக்கூட அதே கண்ணோடுதான் துழாவினாள். ஒரு நாளும் ஒன்றும் கிடைத்ததில்லை. அவன்தான் ஒரு நாள் போதும் என்று போய்விட்டான்.

தொழிற்சாலையை மூடியபோது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய, அமெரிக்க வரலாறு படிக்கச் சேர்ந்தாள். ஒரு பழைய காகிதம் கையில் கிடைத்தால் யார் எழுதியது, எப்போது, யாருக்கு, அதனால் யாருக்கு லாபம் என்று கேட்க வேண்டும். முதல் பருவத்தின் பாடம் இதுதான். பிள்ளைகள் கொட்டாவி விட்டபடி எழுதிக்கொண்டார்கள். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று இத்தனை வருடம் அவள் சொல்லித் திட்டு வாங்கியதற்கு இங்கே பட்டமே கொடுக்கிறார்கள். அவளுக்குப் பிறந்த வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது.

பிறந்த வீடு என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. மலைகளுக்கு நடுவே கடல் நுழையும் ஃபியோர்டு ஓரத்துப் பண்ணை. இப்போது தம்பி ஸ்வெய்னுங்கின் கையில் இருந்தது. அந்த ஊர் வழக்கத்தில் பண்ணையைப் பிரிப்பதில்லை, முழுதாக மூத்த மகனுக்குப் போகும். குன்வோர்தான் மூத்தவள். ஆனால் பெண்ணுக்கும் பண்ணையில் சம உரிமை என்று சட்டம் மாறியபோது, 1965-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு மட்டும்தான் என்று கோடு கிழித்தார்கள். அவள் பிறந்தது 1964 நவம்பர் இருபதாம் தேதி. ஆறு வாரத்தில் தவறிப்போனது. அதைப் பற்றி அக்காவும் தம்பியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சாப்பிட வருவாள், இருவரும் மழையைப் பற்றிப் பேசுவார்கள்.

அந்த வீட்டுக் கூடத்தில், சோபாவுக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்ட கடிதம் ஒன்று தொங்கும். கொள்ளுத்தாத்தா ஓஸ்முண்டின் அண்ணன் தாரால்ட் 1889-ல் அமெரிக்காவின் டக்கோட்டாவிலிருந்து எழுதியது. ‘எனக்கு இங்கே நிலம் இருக்கிறது. ஊர்ப் பண்ணையைத் தம்பி ஓஸ்முண்ட் வைத்துக்கொள்ளட்டும்.’ பண்ணை இவர்கள் கிளைக்கு வந்தது அந்த வரியால்தான்.

மூன்றாம் வருடக் கட்டுரைக்கு குன்வோர் அமெரிக்காவுக்குப் போனவர்களின் கடிதங்களை எடுத்துக்கொண்டாள். ஆவணக் காப்பகத்தில் நாற்பது கடிதம் பார்த்தாள். அத்தனையும் நாலாக மடித்து, மடிப்பில் நைந்தவை. அக்டோபரில் ஒரு ஞாயிறு, ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் சாப்பிட்டுவிட்டு அவள் தற்செயலாகச் சுவரைப் பார்த்தாள். கடிதத்தில் ஒரு மடிப்புகூட இல்லை. உறைக்குள் கடல் தாண்டி வந்த காகிதம் மடங்காமல் எப்படி வரும்? கொள்ளுத்தாத்தா இதே மேசையில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏமாற்றிப் பிடுங்கிய பண்ணை என்று ஆகிவிட்டால், அந்த ஆறு வாரத்துக்கும் ஒரு பதில் கிடைத்தமாதிரி.

கட்டுரையை மேற்பார்க்கும் ஆசிரியை சில்யே, இவளைவிட இருபது வயது இளையவள், நிதானமாகக் கேட்டுக்கொண்டாள்.

“நகலாக்கூட இருக்கலாமே. கழட்டிப் பாத்தீங்களா?”

“போலிதான். சந்தேகமே இல்ல.”

“சரி. போலின்னு ஆனா யாருக்கு லாபம், குன்வோர்?”

அவளுக்குச் சுருக்கென்றது. இவள் ஏன் இவ்வளவு விசாரிக்கிறாள், விஷயத்தைத் தானே எழுதிக்கொள்ளவா என்றுகூட யோசித்தபடி பஸ் ஏறினாள்.

அடுத்த ஞாயிறு தம்பியிடம் சட்டத்தைக் கழற்றச் சொன்னாள். அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

“நீ அமெரிக்கா வரலாறு படிக்கப் போறேன்னு சொன்ன அன்னிக்கே நெனச்சேன் அக்கா, எங்க சுத்தினாலும் இந்தச் சுவத்துக்குத்தான் வந்து நிப்பேன்னு.”

“எனக்கு உண்மை தெரிஞ்சா போதும்டா.”

“அப்படிச் சொல்றவங்கதான் பின்னாடி வக்கீலோட வருவாங்க.”

ஆனாலும் எழுந்தான். அவளைத் தொடவிடவில்லை, தானே இறக்கினான். அவன் எதையாவது ஒளித்துவிடுவான் என்று அவள் ஒட்டி நின்றாள். அவள் எதையாவது பறித்துக்கொள்வாள் என்று அவன் முழங்கையால் தடுத்தபடி, பின்பக்கத்துப் பழுப்புக் காகிதத்தைக் கத்தியால் கீறினான். அது ஒட்டின நாளிலிருந்து யாரும் தொடாதது என்பது அவளுக்கே தெரிந்தது.

உள்ளே இன்னொரு காகிதம் இருந்தது. நாலாக மடித்து, மடிப்பில் நைந்து, மூலையில் அழுக்குக் கறையோடு. தாரால்டின் கடிதம் உண்மையாகவே வந்திருக்கிறது. சுவரில் தொங்கியது அழகாக எழுதிய நகல், அவ்வளவுதான். குன்வோருக்குச் சப்பென்று போய்விட்டது. அப்படிப் போனதே என்று பிறகு வெட்கமாகவும் இருந்தது. சில்யே கேட்ட கேள்விக்கு இப்போதுதான் விடை தெரிந்தது.

ஸ்வெய்னுங் எழுத்துக்கூட்டிப் படித்தான். எனக்கு இங்கே நிலம் இருக்கிறது. அதே வரி. பிறகு நிறுத்திவிட்டான்.

“முழுசாப் படி.”

அவன் மடித்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. “‘கூரோ ஓஸ்முண்டுக்கு மூத்தவள். முதலில் அவளைக் கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் மட்டும் ஓஸ்முண்ட் வைத்துக்கொள்ளட்டும்.’”

நகலில் கூரோ இல்லை. கொள்ளுத்தாத்தாவுக்குக் கூரோ என்று ஓர் அக்கா இருந்தாள், பெர்கனில் யார் வீட்டிலோ சமைத்துப் போட்டே செத்தாள் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவளை யாரும் கேட்கவில்லை.

ஸ்வெய்னுங் கடிதத்தை அக்காவின் கையில் கொடுத்தான்.

“அக்கா, உனக்கு வேணுமா பண்ணை?”

குன்வோர் பழக்கதோஷத்தில் அவன் முகத்தைப் பார்த்தாள். ஐம்பத்தைந்தைத் தொடப்போகிறவள், முழங்கால் போனவள், இந்தச் சரிவில் நாற்பது ஆட்டைக் கட்டி மேய்க்க மாட்டாள் என்று தெரிந்துதான் கேட்கிறானா? எவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை. வேண்டாம் என்ற பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தனக்குக் காப்பி ஊற்றிக்கொண்டாள். காப்பி சூடாக இருந்தது. அது ஆறும்வரை ஸ்வெய்னுங் நின்றுகொண்டே காத்திருந்தான்.