எலியக்கா கேட்காத கேள்வி

ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அவர் எலியக்கா. எலிகளைப் பார்த்துக்கொள்கிறவர் என்பதால் வந்த பெயர். அப்படிக் கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வராது. ஆனால் கூண்டு அறைக் கதவைச் சாத்தாமல் போனால் போதும், எரிந்து விழுவார். நான் பக்கத்து அறையில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்து ரத்த அணுக்களை எண்ணுகிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அக்காவோ தன் காரியத்தில் மட்டும் கண்ணாக இருப்பவர்.

அவருடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் இரும்பு அடுக்கு, அடுக்கெல்லாம் பிளாஸ்டிக் கூண்டு. காலையில் வந்ததும் ஒவ்வொரு கூண்டாக இறக்கி விளக்கடியில் வைப்பார். முடி சிலிர்த்திருக்கிறதா, கண் பாதி மூடியிருக்கிறதா, முதுகு வளைந்திருக்கிறதா, விரலால் தொட்டால் நகர்கிறதா என்று பார்ப்பார். பார்த்துவிட்டு மார்க் போடுவார். பூஜ்யம் என்றால் சுகம். மார்க் ஏற ஏற எலி சாவை நெருங்குகிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்காத குறையை இங்கே தீர்த்துக்கொள்கிறார் என்று நான் கிண்டல் செய்வேன். "உனக்குப் போட்டா நாலு தாண்டும்டி" என்பார்.

நாங்கள் ஆராய்ந்தது வயிற்றுக்குள் திடீரென்று பிடிக்கும் அழற்சியை. உடம்பில் ஓர் இடம் புண்பட்டால் அது கீமோகைன் என்ற பொருளை வெளியே விடும். வெள்ளை அணுக்களின் மேல் அதை உணர்வதற்கென்றே ஏற்பிகள் இருக்கின்றன. மூக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசனை பிடித்து வெள்ளை அணுக்கள் கூட்டமாக ஓடிவரும். வீக்கம், காய்ச்சல், தொட்டால் உயிர் போகிற வலி, பலகை போல இறுகும் வயிறு எல்லாம் பெரும்பாலும் அவை வந்து போடுகிற ரகளைதான். அந்த மூக்கை அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடம் கேட்ட கேள்வி.

எந்தக் கூண்டு எலிக்கு மருந்து, எதற்கு வெறும் தண்ணீர் என்பது மேடத்துக்கு மட்டுமே தெரியும். எங்களுக்குத் தெரிவதெல்லாம் கூண்டில் ஒட்டிய டேப்பின் நிறம். தெரிந்தால் பார்க்கிற கண் சாய்ந்துவிடும், மார்க் கெட்டுவிடும். இந்த விதியை அக்கா மாதிரி யாரும் பிடித்துக்கொண்டதில்லை. ஒரு தடவை ஓர் ஆராய்ச்சி மாணவர் பேச்சுவாக்கில் ரகசியத்தை உளறிவிட்டார். அக்கா நேராக மேடத்திடம் போய், "எனக்குத் தெரிஞ்சுபோச்சு மேடம். இனிமே என் மார்க்கை நம்பாதீங்க" என்று சொல்லிவிட்டார். அத்தனை கூண்டு வேலையும் வீண். அந்த மாணவர் அதற்குப் பிறகு அக்காவைக் கண்டால் சுவரோரமாகப் போவார். "கேக்கக் கூடாதுன்னா கேக்கக் கூடாதுடி" என்பதுதான் அக்காவின் வேதம்.

முதலில் கணையம் வெந்துபோகிற அழற்சியைப் பார்த்தோம். மஞ்சள் டேப் எலிகள் மற்றவற்றைவிட நன்றாகப் பிழைத்தன. அங்கே ரகளையே பாதி நோய் என்பதால், ரகளை குறைந்ததும் நோயும் குறைந்தது. கூடத்தில் எல்லாருக்கும் வாயெல்லாம் பல். அடுத்தது குடல் ஓட்டையாகிக் கிருமி வயிற்றுக்குள் கசிகிற அழற்சி. இதிலும் மஞ்சள் டேப் எலிகள் முடி வழவழவென்று இருக்க, தண்ணீர் குடித்துக்கொண்டு, மூலைக்கு மூலை நடந்தன. அக்கா பூஜ்யம், பூஜ்யம் என்று போட்டுக்கொண்டே போனார். மறுநாள் காலையில் அவை செத்துக் கிடந்தன. ஒன்றிரண்டு இல்லை, வரிசையாக.

"இதுங்க ஏமாத்துதுடி" என்றார் அக்கா. அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. அவற்றின் வயிற்று நீரை எடுத்து நான் பார்த்தேன். வெள்ளை அணுக்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. கிருமிகளோ மொய்த்தன. எதிர்க்க ஆள் வராததால் சத்தமும் இல்லை. மஞ்சள் மருந்தா தண்ணீரா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் நான் ஒன்றும் குருடி இல்லை.

அக்காவின் வீட்டுக்காரர் டைல்ஸ் போடுகிறவர். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். வாழ்நாளெல்லாம் முழங்காலில் நின்று ஊரார் வீட்டுத் தரையை வழவழப்பாக்கியதில் அவருடைய முட்டி இரண்டும் வீங்கி, மடக்க முடியாமல் போய்விட்டது. அப்போதுதான் ஓர் ஆஸ்பத்திரியில் மூட்டு அழற்சிக்குப் புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று தெரிந்து சேர்ந்தார். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது. அக்காவுக்கு அதில் ஒரே பெருமை. "நம்ம மேடம் மாதிரியே சுத்தமா நடத்துறாங்கடி" என்றார். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்றும் அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அக்கா அதைக் காதில் வாங்கவே இல்லை. யாருக்கும் தெரியக் கூடாது என்பது மட்டும் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மாமாவின் முட்டியும் மெல்ல மடங்க ஆரம்பித்தது. மறுபடி வேலைக்குப் போனார்.

ஒருநாள் அக்கா தாமதமாக வந்தார். வந்ததே இல்லை அப்படி.

"என்னக்கா, ஊரே தலைகீழா புரண்டுடுச்சா?"

"மாமாவுக்கு முந்தாநாள்ல இருந்து வயித்து வலிடி. நேத்து தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். அமுக்கிப் பாத்தாரு. வயிறு மெத்துன்னு இருக்கு, காய்ச்சல் இல்ல, ரத்தத்துல வெள்ளை அணுவும் ஏறல, வெறும் வாயுன்னுட்டாரு. இன்னிக்குக் காலையில வலி சுத்தமா போயிடுச்சு. எழுந்து நடமாடுறாரு." கையில் ஒரு கூண்டை எடுத்துக்கொண்டே சிரித்தார். "நம்ம கணக்குல பூஜ்யம்."

நான் அவர் கையிலிருந்த கூண்டைப் பார்த்தேன். "அக்கா, அந்த முட்டி மாத்திரை என்ன மாத்திரை?"

"அதைக் கேக்கக் கூடாது."

"நிஜமா மாவான்னு கேக்கல. அந்த மருந்து உடம்புல என்ன பண்ணும்?"

"வெள்ளை அணு மூட்டுக்குள்ள போகாம..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். கூண்டு கையிலேயே இருந்தது. அதற்குள் ஓர் எலி நிதானமாக முகம் துடைத்துக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தார். இத்தனை நாளும் இந்த அறைக்கு ஒரு பூட்டு, வீட்டுக்கு ஒரு பூட்டு என்று மனசைப் பிரித்து வைத்திருந்தவர். இரண்டும் ஒரே சமயத்தில் திறந்துகொண்டதை நான் நேரில் பார்த்தேன். அந்த முகத்தை மறக்க முடியவில்லை.

"பாதிப் பேருக்கு மாவுதான்" என்றார்.

"போன் போட்டுக் கேளுங்க."

"கேட்டா அவரை வெளியே எடுத்துடுவாங்கடி. இப்பத்தான் முட்டி மடங்குது. அவருக்கு வேற என்ன தொழில் தெரியும்?"

"முட்டியை வெச்சுக்கிட்டு என்னக்கா பண்ணப்போறீங்க, ஆள் போயிட்டா?" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

அக்கா போன் போட்டார். விவரத்தைக் கேட்டதும் ஆஸ்பத்திரிக்காரர்கள் தயங்கவே இல்லை. பார்த்துச் சொன்னார்கள். நிஜ மாத்திரை. வெள்ளை அணுவின் அதே மூக்கை அடைக்கிற மாத்திரை. உடனே கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

வாடகைக் காரைப் பிடித்து வீட்டுக்கு ஓடினோம். மாமா குளியலறை வாசலில் உட்கார்ந்து பெயர்ந்துபோன ஒரு டைல்ஸைத் தட்டித் தட்டி உட்கார வைத்துக்கொண்டிருந்தார். "வாம்மா. உங்க அக்காவைக் கட்டின நாள்லேருந்து இதை ஒட்டச் சொல்றா, இன்னிக்குத்தான் நேரம் கெடச்சுது" என்றார். சிரித்த உதட்டில் ரத்தமே இல்லை. எழுப்புவதற்காகக் கையைப் பிடித்தேன். விரல் நுனி ஐஸ் மாதிரி இருந்தது. மூச்சு மட்டும் மாடிப்படி ஏறி வந்தவருடையது போல வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்கேன் எடுத்த உடனே அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார்கள். குடல்வால் உடைந்து கிருமி வயிறு முழுக்கப் பரவியிருந்தது. ஒரு சர்ஜன் வெளியே வந்தார். "நேத்து பாத்த டாக்டர்கிட்ட இந்த மாத்திரை விஷயத்தைச் சொன்னீங்களா? தெரிஞ்சிருந்தா வயிறு மெத்துன்னு இருக்குன்னு அவர் நம்பியிருக்க மாட்டாரே."

சர்ஜன் உள்ளே போன பிறகு அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கேட்டாருடி. வேற மருந்து ஏதாவது சாப்பிடுறாரான்னு கேட்டாரு. மாமா திரைக்குப் பின்னால சட்டை மாட்டிக்கிட்டு இருந்தாரு. நான்தான் இல்லீங்கன்னு சொன்னேன்." எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தள்ளுவண்டியில் மாமாவைக் கொண்டுவந்தார்கள். எங்களைப் பார்த்ததும் தலையைத் தூக்கினார். இத்தனை பேர் ஓடுவதில் பயந்துபோயிருந்தார்.

"அந்த மாத்திரையாலதான் இதெல்லாமா?" என்று கேட்டார். "அது நிஜ மாத்திரையா?"

"இல்லீங்க" என்றார் அக்கா. "மாவு மாத்திரைதான். இப்பத்தான் விசாரிச்சேன்."

மாமாவின் முகம் தெளிந்தது. "அப்ப முட்டி தானாவே சரியாச்சா! இது கல்லு உடம்புடி, ஒண்ணும் ஆகாது." வண்டி உள்ளே போய்க் கதவு மூடியது. அவர் கண் விழிக்கவே இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவரையும் அக்கா கையைப் பிடித்து உட்கார வைத்தார். டாக்டர் கேட்டார், நான்தான் மறைத்துவிட்டேன் என்று முதலிலிருந்து கடைசி வரை சொன்னார். யாரும் கேட்கவில்லை, இருந்தும் சொன்னார். போதும் அக்கா என்று நான் வாயைப் பொத்தப் போனேன்.

"விடுடி" என்றார். "மாமா ஒருத்தர்கிட்டத்தான் உண்மையச் சொல்லாம விட்டுட்டேன்."